மூணு ஊசி போட்டும் டைட்டர் 4.2: மறுபடி முதல்ல இருந்தா?

1. மாலா_ஸ்டாஃப் | மார்ச் 3, இரவு 10.15

வணக்கம். ஏழு வருஷமா ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். 2014ல காலேஜ் முதல் வருஷத்திலேயே கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி மூணும் போட்டாச்சு. முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. கார்டு பத்திரமா இருக்கு, தேதியோட, பேட்ச் நம்பரோட.

இப்ப வேற ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் யூனிட்ல சேரப் போறேன். அதுக்கு முன்னாடி ஆன்ட்டி ஹெச்பிஎஸ் டைட்டர், அதாவது இந்த வைரஸை எதிர்க்கிற ஆன்ட்டிபாடி ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற டெஸ்ட், எடுக்கச் சொன்னாங்க. 4.2 வந்திருக்கு. ரிப்போர்ட் அடியில "10க்குக் கீழ் இருந்தால் பாதுகாப்பு இல்லை"ன்னு அச்சடிச்சிருக்கு. பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன், எத்தனை தடவை கையில குத்திக்கிட்டிருப்பேன்!

அங்க அட்மின் சார், "ஊசி உங்க உடம்புல வேலை செய்யலம்மா, மறுபடி மூணும் போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னுட்டார். ஆறு மாசச் சம்பளத்தை யார் தருவா? நிஜமாவே முதல்ல இருந்து போடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

2. எதிர்க்கேள்வி | மார்ச் 3, இரவு 10.41

பத்து வருஷத்துல காணாமப் போற ஊசிக்குக் கார்டு என்ன, பேட்ச் நம்பர் என்ன. போட்டவன் காசு பார்த்துட்டுப் போயிட்டான். இப்ப மறுபடி மூணு. கணக்கு சரியாத்தான் இருக்கு.

3. மதுரை_எம்டி | மார்ச் 4, காலை 6.20

மாலா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணாவது ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள யாராவது டைட்டர் பார்த்தாங்களா? எல்லாமே அந்த பதில்லதான் இருக்கு.

4. மாலா_ஸ்டாஃப் | மார்ச் 4, காலை 7.05

இல்ல சார். எங்க பேட்ச்ல யாருக்குமே பார்க்கல. ஊசி போட்டு கார்டுல கையெழுத்து வாங்கினதோட சரி.

5. மதுரை_எம்டி | மார்ச் 4, மதியம் 1.30

எதிர்பார்த்ததுதான். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இதே கதை.

10 எம்ஐயுங்கிற கோடு (எம்ஐயு, ஆன்ட்டிபாடியை அளக்கிற அலகு) எப்ப செல்லும்னு முதல்ல புரிஞ்சுக்கணும். மூணாவது டோஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல எடுக்கிற டைட்டருக்கான கோடு அது. அப்ப ஒரு மில்லிக்கு 10 எம்ஐயு தொட்டுட்டா அவர் உடம்பு ஊசியைப் புரிஞ்சுக்கிச்சுன்னு அர்த்தம். 40 வயசுக்குக் கீழே ஆரோக்கியமா இருக்கிறவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல தொடுவாங்க. பலருக்கு நூறு, ஆயிரம்னு போகும். அதுக்கப்புறம் முதல் வருஷத்துல சரசரன்னு இறங்கும், பிறகு மெதுவா. பத்துப் பதினோரு வருஷம் கழிச்சு 4.2 வர்றது அதிசயமே இல்ல.

இறங்கினா பாதுகாப்பு போச்சான்னு கேட்பீங்க. திருவிழா முடிஞ்சதும் பந்தலைப் பிரிச்சுடறோம். ஆனா பந்தல்காரர் நம்பர் போன்ல இருக்கு. ரத்தத்துல மிதக்கிற ஆன்ட்டிபாடிதான் பந்தல். அதை எப்படிக் கட்டணும்னு தெரிஞ்ச நினைவு பி செல்கள், அதாவது ஆன்ட்டிபாடி செய்யற ரத்த அணுக்கள், பந்தல்காரர். இந்த வைரஸ் அவசரக்காரன் இல்ல. உள்ளே நுழைஞ்சு நோயா வெளியே தெரிய 60லிருந்து 150 நாள் எடுத்துக்கும். நினைவு செல் முழிச்சுப் புது ஆன்ட்டிபாடி கொட்ட சில நாள் போதும். பந்தயத்துல யார் ஜெயிப்பான்னு நீங்களே பார்த்துக்கலாம்.

ஆனா உங்க விஷயத்துல ஒரு முடிச்சு இருக்கு. 2015ல பார்க்காததால, இந்த 4.2 ஏறி இறங்கினதா, ஏறவே இல்லாததான்னு இந்த ஒரு நம்பரை வச்சுச் சொல்ல முடியாது. கண்டுபிடிக்க வழி சுலபம். ஒரே ஒரு டோஸ் போடுங்க. ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு டைட்டர் எடுங்க. 10ஐத் தாண்டினா கதை முடிஞ்சது. தாண்டலன்னா மட்டும் மீதி ரெண்டு டோஸ், அதுக்கப்புறம் மறுபடி டெஸ்ட். எடுத்த எடுப்புல மூணு டோஸ், ஆறு மாசம் வீட்ல உட்காருன்னு சொல்றது அட்மின் வைத்தியம்.

6. எதிர்க்கேள்வி | மார்ச் 4, மதியம் 2.02

பந்தல் கதை நல்லா இருக்கு டாக்டர். பந்தல்காரர் வருஷக்கணக்கு கழிச்சுக் கூப்பிட்டா வருவார்னு யார் பார்த்தா? கதை சொல்லாம கணக்கு சொல்லுங்க.

7. மதுரை_எம்டி | மார்ச் 4, இரவு 9.50

நியாயமான கேள்வி. 1981ல அலாஸ்காவுல பூர்வகுடி மக்கள் 1,578 பேருக்கு இந்த ஊசியைப் போட்டாங்க. அந்த இனத்துல ஹெபடைட்டிஸ் பி ரொம்ப அதிகமா இருந்த காலம். அப்புறம் வருஷக்கணக்கா விடாம தொடர்ந்தாங்க. 30 வருஷம் கழிச்சு, நடுவுல வேற எந்த டோஸும் போடாத 243 பேரைப் பரிசோதிச்சதுல 125 பேருக்கு டைட்டர் 10லயோ அதுக்கு மேலயோ நின்னுச்சு. கீழே இறங்கினவங்கள்ல 85 பேருக்கு ஒரு பூஸ்டர் கொடுத்தாங்க. ஒரே மாசத்துல 75 பேர் கோட்டைத் தாண்டிட்டாங்க. பந்தல்காரர் போனை எடுத்திருக்கார்.

அது பழைய ஊசி. வைரஸ் உள்ளவங்க பிளாஸ்மாவிலிருந்து மேல்தோல் புரதத்தை மட்டும் பிரிச்சு, சுத்திகரிச்சுச் செஞ்சது. 1986லிருந்து அதே புரதத்தை ஈஸ்ட்டுல வளர்க்கிறாங்க. மாலாவுக்குப் போட்டது ஈஸ்ட் வகைதான்.

8. எதிர்க்கேள்வி | மார்ச் 4, இரவு 10.10

85ல மீதி 10 பேர்?

9. மதுரை_எம்டி | மார்ச் 4, இரவு 10.25

அவங்க ஒரு பூஸ்டருக்கு எழுந்திருக்கல, உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனா 22ஆம் வருஷப் பரிசோதனையில புதுசா நோய் தொற்றினவங்க ஒருத்தர் கூட இல்ல. ஊசி போடறது டைட்டர் வளர்க்க இல்லையே, நோய் வராம இருக்கத்தானே.

10. லேப்காரன் | மார்ச் 5, காலை 5.30

நைட் ஷிஃப்ட் முடியப் போகுது, ஒரு விஷயம் சொல்லிட்டுக் கிளம்பறேன். ஆன்ட்டி ஹெச்பிஎஸ், ஹெச்பிஎஸ்ஏஜி ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. எழுத்துல கொஞ்சம்தான் வித்தியாசம், வாழ்க்கையில மலைக்கும் மடுவுக்கும். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னா உள்ளே வைரஸ் இருக்கு. ஆன்ட்டி ஹெச்பிஎஸ் பாசிட்டிவ்னா காவல் இருக்கு. போன மாசம் ஒரு பையன் "நெகட்டிவ் வந்திருக்கு, ஸ்வீட் எடு"ன்னு அம்மாவுக்கு போன் பண்றான். வாங்கிப் பார்த்தா அது ஆன்ட்டி ஹெச்பிஎஸ்.

இன்னொண்ணும் உண்டு, ஆன்ட்டி ஹெச்பிசி. அது வைரஸோட உள் ஓட்டுக்கு எதிரானது. ஊசியில மேல்தோல் புரதம் மட்டும்தான் இருக்கு, உள் ஓடு கிடையாது. அதனால நிஜமாவே தொற்று வந்து போனவங்களுக்குத்தான் ஆன்ட்டி ஹெச்பிசி இருக்கும். ஊசியா, வியாதியான்னு பிரிக்கிறது இதை வச்சுத்தான்.

மாலா மேடம், ஊசி போட்ட கையோட ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்டுக்குப் போயிடாதீங்க, ரத்த தானமும் கொடுத்துடாதீங்க. ஊசியில இருக்கிற புரதமே 18 நாள் வரைக்கும் ரத்தத்துல தெரியலாம். ஒரு கேம்ப்ல இப்படித்தான் ஒருத்தருக்கு பாசிட்டிவ்னு வந்து, பொண்டாட்டி புள்ளை எல்லாரையும் கூட்டிட்டு வந்து நின்னார். கேட்டா, நாலு நாள் முன்னாடி ஊசி போட்டிருக்கார்.

11. பாட்டன்சொல் | மார்ச் 5, காலை 9.00

தங்கைக்கு வணக்கம். எதற்கு இவ்வளவு கலக்கம்? கீழாநெல்லியை வேரோடு பறித்து, கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு மோரில் கலந்து வெறும் வயிற்றில் அருந்துங்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காமாலைக்கு இதுதான். வெள்ளைக்காரன் ஊசி வருவதற்கு முன்பும் நம் ஆட்கள் வாழ்ந்தார்கள்.

12. மதுரை_எம்டி | மார்ச் 5, மதியம் 1.15

ஐயா, கோபப்படாம கேளுங்க. கீழாநெல்லியை யாரும் அலட்சியமா ஒதுக்கல. சென்னைப் பல்கலைக்கழகத்துல தியாகராஜன் குழு அதைச் சோதிச்சு 1988ல லான்செட் மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்கின பிளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில ஒரு ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேர்ல 59 சதவீதம் பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைஞ்சுச்சு. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா பின்னாடி வேற இடங்கள்ல செஞ்ச சோதனைகள்ல அந்தப் பலன் திரும்பக் கிடைக்கல.

அதை விட முக்கியம், அந்தச் சோதனை ஏற்கெனவே வைரஸ் உள்ளவங்களுக்கு. மாலாவுக்கு வைரஸ் வந்ததா யாருமே சொல்லல. வராம தடுக்கிற ஆன்ட்டிபாடியை மோரால ஏத்த முடியாது.

13. பாட்டன்சொல் | மார்ச் 5, மாலை 6.40

1988இல் லான்செட்டில் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அது போதும் எனக்கு. 🙏

14. ஆறுமுகம்_ஓடி | மார்ச் 6, இரவு 11.58

ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன். எல்லாரும் பந்தல்காரர் போன் எடுப்பார்னு பேசிக்கிட்டிருக்கீங்க. எனக்கு அந்த நம்பரே சேவ் ஆகல.

மூணு டோஸ், டைட்டர் 2க்குக் கீழே. மறுபடி மூணு, அப்பவும் 2க்குக் கீழே. மொத்தம் ஆறு. தியேட்டர்ல என்னை "ஆறு டோஸ் ஆறுமுகம்"னுதான் கூப்பிடறாங்க, பேர் வச்ச நேரம் அப்படி. வயசு 32. பீடி, சிகரெட் கிடையாது. உடம்பு ஈர்க்குச்சி. சர்க்கரை இல்ல. ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்ட்டி ஹெச்பிசி ரெண்டும் பார்த்தாச்சு, நெகட்டிவ்.

போன வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு எமர்ஜென்சி கேஸ். தையல் ஊசியை ட்ரேயில வைக்கிறப்ப ரெண்டு கிளவுஸையும் தாண்டி ஆள்காட்டி விரல்ல ஏறிடுச்சு. கழட்டிப் பார்த்தா கடுகளவு ரத்தம். பிதுக்கல, சோப்பு போட்டுக் குழாய்ல காட்டிக்கிட்டு நின்னேன். பேஷண்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தா ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ். குழாயை மூடவே மறந்துட்டேன்.

15. மாலா_ஸ்டாஃப் | மார்ச் 7, காலை 6.10

ஐயோ அண்ணே. அப்புறம்?

16. ஆறுமுகம்_ஓடி | மார்ச் 7, காலை 8.30

அப்புறம் இம்யூனோகுளோபுலின், அதாவது ரெடிமேட் ஆன்ட்டிபாடி ஊசி. அன்னைக்கே ஒண்ணு, சரியா ஒரு மாசத்துல இன்னொண்ணு. கிலோவுக்கு 0.06 மில்லின்னு கணக்கு போட்டாங்க. இடுப்புல போட்டாங்க, ரெண்டு நாள் சரிஞ்சுதான் உட்கார்ந்தேன். விலையைக் கேட்டா அதுக்கும் சரிஞ்சுடுவீங்க. ஆறு மாசம் கழிச்சு டெஸ்ட், நெகட்டிவ். அந்த ஆறு மாசம் வீட்ல சொல்லவே இல்ல.

டாக்டர், எனக்கு மட்டும் ஏன்?

17. மதுரை_எம்டி | மார்ச் 7, இரவு 10.05

ஆறுமுகம், ரெண்டாவது சுற்றுல பாதிப் பேராவது எழுந்துடுவாங்க. நீங்க எழாத சிறுபான்மை. 40 தாண்டின வயசு, ஆணா இருக்கிறது, புகை, தொப்பை, சர்க்கரை, கிட்னிக் கோளாறு, எல்லாமே டைட்டரைக் குறைக்கும். உங்ககிட்ட இதுல ஒண்ணுதான் இருக்கு, அதை மாத்திக்கவும் முடியாது. மிச்சம் பரம்பரை. ஊசியில இருக்கிற புரதத்தைத் துண்டு துண்டாக்கி டி செல்லுக்கு (பி செல்லைத் தூண்டிவிடற ரத்த அணு) காட்டுற வேலையை ஹெச்எல்ஏ மூலக்கூறுகள் செய்யுது. சில ஹெச்எல்ஏ வகைகள், முக்கியமா டிஆர்3, டிஆர்7, இந்தப் புரதத்தைச் சரியாக் காட்டறதில்ல. டி செல் தூண்டாம பி செல் நல்ல ஆன்ட்டிபாடி செய்யாது. மத்த தடுப்பூசி எல்லாம் உங்களுக்கு நல்லாவே பிடிச்சிருக்கும். இந்த ஒரு பூட்டுக்கு மட்டும் உங்ககிட்ட சாவி இல்ல.

அமெரிக்காவுல 2017ல அனுமதி கிடைச்ச ஒரு புது ஊசி இருக்கு, ஹெப்லிசாவ். புரதம் அதேதான், கூடச் சேர்க்கிற தூண்டுபொருள் வேற. வழக்கமா அலுமினியம், இதுல பாக்டீரியா டிஎன்ஏ மாதிரியான ஒரு துணுக்கு. ஒரு மாச இடைவெளியில ரெண்டே டோஸ். ஒரு பெரிய சோதனையில இதுக்கு 95 சதவீதம் பேர் கோட்டைத் தொட்டாங்க, பழைய ஊசிக்கு 81. உங்களை மாதிரி ஆட்களுக்கு நான் யோசிக்கிறது இதைத்தான். நேர்ல ஒரு ஹெபடாலஜிஸ்ட் (கல்லீரல் டாக்டர்) கிட்ட கேளுங்க.

18. விஎச்என்_அக்கா | மார்ச் 8, மதியம் 3.20

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் நான். ஆறுமுகம் தம்பி, உன் உடம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஊசியையும் ஒரு வார்த்தை கேட்கணும். இது வெயிலை விடக் குளிருக்குத்தான் பயப்படும். 2லிருந்து 8 டிகிரி. உறைஞ்சா அலுமினியத்துல ஒட்டியிருக்கிற மருந்து திரிஞ்ச பால் மாதிரி ஆயிடும், மறுபடி உருகினாலும் பழைய வீரியம் வராது.

ஒரு தடவை தெர்மோஸ்டாட் கெட்டு பெட்டிக்குள்ள ஐஸ் கட்டியிருந்தது. நாங்க என்ன செஞ்சோம்னா, அதே பேட்ச்ல ஒரு வயலை (மருந்துக் குப்பியை) வேணும்னே கல்லா உறைய வச்சு, உருக்கி, சந்தேகப்பட்ட வயலோட சேர்த்து ஒரே கையில பிடிச்சுக் குலுக்கி மேசையில வச்சோம். உறைஞ்சதுல அரை மணிக்குள்ள வண்டல் கீழே இறங்கி மேலே தண்ணியா தெளிஞ்சு நின்னுச்சு. சந்தேகப்பட்டதும் கூடவே தெளிஞ்சுச்சு. அத்தனை வயலையும் தூக்கிப் போட்டோம். கிளினிக்ல வீட்டு ஃபிரிட்ஜுல, ஃப்ரீசர் தட்டை ஒட்டி வச்சிருக்கிறதை எத்தனை இடத்துல பார்த்திருக்கேன்!

அப்புறம் இடம். பெரியவங்களுக்குத் தோள்பட்டையிலதான். இடுப்புல போட்டா கொழுப்புல தங்கிடும், டைட்டர் ஏறாது. உனக்கு எங்க போட்டாங்க?

19. ஆறுமுகம்_ஓடி | மார்ச் 8, மாலை 5.00

முதல் மூணு கேம்ப்ல, இடுப்புல! அடுத்த மூணு தோள்ல.

20. மதுரை_எம்டி | மார்ச் 8, இரவு 9.30

அக்கா கேட்டது நல்லதாப் போச்சு, நான் கேட்டிருக்கணும். இடுப்புல போட்ட டோஸைக் கணக்குலயே சேர்க்கக் கூடாதுன்னுதான் அமெரிக்க வழிகாட்டி சொல்லுது. அப்படிப் பார்த்தா ஆறுமுகம், நீங்க ஒழுங்கா போட்டது மூணுதான். உங்களை நான் அவசரப்பட்டு "நான்-ரெஸ்பாண்டர்", அதாவது ஊசியே பிடிக்காத உடம்புன்னு முத்திரை குத்திட்டேன். பரம்பரைக் கதையை இப்போதைக்கு எடுத்து வச்சுக்கறேன். இன்னொரு சுற்று, தோள்பட்டையில, குளிர்ச்சங்கிலி ஒழுங்கா இருக்கிற இடத்துல போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம்.

21. ஆறுமுகம்_ஓடி | மார்ச் 8, இரவு 9.44

அப்ப "ஆறு டோஸ்" பட்டம் போச்சா.

22. கரவெட்டியாள் | மார்ச் 9, காலை 4.10

நான் லண்டனில கெயார் ஹோமில வேலை. இஞ்ச 10 காணாது, 100 வேணும் எண்டு சொல்லுவினம். எனக்கு மூண்டு ஊசிக்குப் பிறகு 64 வந்தது. 10க்கும் 100க்கும் இடையில எண்டால் இன்னொரு ஊசி போடுவினம், பிறகு திருப்பிச் சோதிக்கிறேல்ல. உங்களுக்கு 10 காணும், எங்களுக்கு ஏன் 100? ஒரே வைரஸ்தானே!

23. லேப்காரன் | மார்ச் 9, காலை 6.00

மெஷினுக்கு மெஷின் அளவு கொஞ்சம் மாறும் அக்கா. ஒரே ரத்தத்தை ரெண்டு கம்பெனி கிட்ல ஓட்டினா ஒண்ணுல 9, இன்னொண்ணுல 14 வர வாய்ப்பிருக்கு. அந்த ஊசலாட்டத்துக்கு இடம் விட்டுத்தான் உங்க ஊர்ல 100 வச்சிருக்காங்க. 64 இருக்கிறவர் நிஜமாவே ஊசியைப் புரிஞ்சுக்கிட்டவர்தான்.

24. கரவெட்டியாள் | மார்ச் 9, காலை 6.25

அப்ப சும்மா ஒருக்கா குத்து வாங்கினனானோ. பரவாயில்ல.

25. பேபிஅம்மா_சேலம் | மார்ச் 10, காலை 11.00

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பாப்பாவுக்குப் பிறந்த அன்னைக்கு ஒண்ணு, அப்புறம் 6, 10, 14 வாரத்துல ஐந்து நோய் ஊசி போட்டாச்சு. அவளுக்கும் டைட்டர் பார்க்கணுமா?

26. விஎச்என்_அக்கா | மார்ச் 10, மதியம் 12.10

வேண்டாம் கண்ணு. குழந்தைகளுக்கு 95 சதவீதம் பிடிச்சுடும். அந்த ஐந்து நோய் ஊசியை 2011 டிசம்பர்ல நாட்டுலேயே முதல்ல ஆரம்பிச்சது தமிழ்நாடும் கேரளாவும்தான், நானே போட்டிருக்கேன். அம்மாவுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவா இருந்தா மட்டும் குழந்தைக்கு 9லிருந்து 12 மாசத்துக்குள்ள ரத்தம் பார்க்கணும். பிறக்கிறப்ப தொத்திக்கிட்ட குழந்தைகள்ல பத்துல ஒன்பதுக்கு அது ஆயுசுக்கும் தங்கிடும். பெரியவங்களுக்கு வந்தா நூத்துல அஞ்சு பேருக்குத்தான். அதனாலதான் அந்த முதல் 24 மணி நேர ஊசிக்கு நாங்க பிரசவ வார்டுலயே நின்னு சண்டை போடுவோம்.

27. அப்பாவுக்குமகன் | மார்ச் 10, இரவு 8.45

என் அப்பா டயாலிசிஸ் பேஷண்ட். அவருக்கு ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராம், ரெண்டு தோள்லயும் பாதிப் பாதி. 0, 1, 2, 6 மாசம்னு நாலு தடவை. வருஷா வருஷம் டைட்டர், 10க்குக் கீழே போனா உடனே பூஸ்டர். மாலா அக்காவுக்கு நினைவு செல் போதும், அப்பாவுக்கு மட்டும் ஏன் போதாது?

28. மதுரை_எம்டி | மார்ச் 10, இரவு 10.30

கிட்னி செயலிழந்தவங்களுக்கு நோய் எதிர்ப்பே மந்தமாகிடும் தம்பி. பந்தல்காரர் இருந்தாலும் ஆள் சேர்த்துட்டு வர்றதுக்குள்ள மழை வந்துடும். மெஷின்ல ரத்தம் வெளியே போய் வர்ற இடம், வாரத்துக்கு ரெண்டு மூணு நாள். அங்க பந்தல் எப்பவும் நிக்கணும். அப்பாவுக்கு அந்த நம்பர் உயிர் நம்பர், வருஷாந்திரப் பரிசோதனையைத் தவற விடாதீங்க.

29. மாலா_ஸ்டாஃப் | ஏப்ரல் 14, மாலை 7.20

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்! மார்ச் 8ஆம் தேதி ஒரு டோஸ் போட்டேன். தோள்ல, வயலைக் குலுக்கிப் பார்த்துத்தான் ஏத்த விட்டேன், போட்ட சிஸ்டர் முறைச்சாங்க. நேத்து டைட்டர் எடுத்தேன். 740!

ரிப்போர்ட்டை அட்மின் சார் மேசையில வச்சேன். ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு, "முன்ன எடுத்த லேப்ல தப்பு பண்ணிட்டாங்க போல"ன்னார். நான் ஒண்ணும் பேசல. திங்கட்கிழமை டூட்டி.

30. ஆறுமுகம்_ஓடி | ஏப்ரல் 14, இரவு 11.30

வாழ்த்துகள் தங்கச்சி. எனக்கு ரெண்டாவது டோஸ் போட்டாச்சு, மூணாவது ஆவணியிலதான். அந்த 740ல ஒரு நூறு கடன் கொடேன்.

31. லேப்காரன் | ஏப்ரல் 15, காலை 5.40

கேலியா கேட்டீங்க, ஆனா அது நடக்கிற காரியம். நீங்க போட்டுக்கிட்ட இம்யூனோகுளோபுலினே அப்படித்தான் தயாராகுது. டைட்டர் எக்கச்சக்கமா உள்ளவங்க கொடுக்கிற பிளாஸ்மாவிலிருந்து ஆன்ட்டிபாடியைப் பிரிச்சு எடுக்கிறாங்க.

32. ஆறுமுகம்_ஓடி | ஏப்ரல் 15, காலை 7.15

அப்ப அன்னைக்கு என் இடுப்புல ஏத்தினது யாரோ ஒரு மாலாவோடதா?

33. மாலா_ஸ்டாஃப் | ஏப்ரல் 15, காலை 7.30

நான் இன்னும் கொடுக்கல அண்ணே. மூணாவது ஊசியைத் தோள்லயே போடச் சொல்லுங்க.